எழுத்தாளர் மாநாடு எதைத் தர வேண்டும்?

(பெங்களூருவில் நடைபெற்ற எழுத்தாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



எழுதத் தொடங்குவோருக்கு இரண்டு தேவைகள் உண்டு. ஒன்று, எழுதுவது வீண் வேலையில்லை என்னும் உறுதி. மற்றொன்று, எழுதியதைச் செப்பம் செய்யவும் அச்சேற்றவும் வாசகரிடம் சேர்க்கவும் வேண்டிய துணை. வசதி படைத்தோருக்கு இவை குடும்பத்திலும் நட்பு வட்டத்திலும் கிடைத்துவிடுகின்றன. ஆடைத் தொழிற்சாலையில் நாள் முழுவதும் உழைத்துத் திரும்பும் ஒரு பெண் தொழிலாளிக்கு இவை எங்கே கிடைக்கும்? எழுத்தாளர் மாநாடு அந்த இடமாக இருக்க வேண்டும்.

இதற்குச் சான்று தேடி நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. 1979-இல் தர்மஸ்தலாவில் கன்னட சாகித்திய சம்மேளனம் கூடவிருந்தபோது, தலித் இலக்கியத்துக்குத் தனி அமர்வு வேண்டும் என்று கேட்கப்பட்டது. அக்கோரிக்கை மறுக்கப்பட்டது. கேட்டவர்கள் மனக்குறையோடு வீடு திரும்பிவிடவில்லை. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் இதே பெங்களூருவில் மாற்று மாநாடு ஒன்று கூடியது. பண்டாய சாகித்தியம், அதாவது கிளர்ச்சி இலக்கியம், அமைப்பாகத் திரண்டது. பரகூரு ராமச்சந்திரப்பா, டி.ஆர். நாகராஜ், சித்தலிங்கையா முதலியோர் அதன் முன்வரிசையில் நின்றனர்.

சேரியின் பேச்சும் பசியும் கோபமும் இலக்கியத்துக்கு உரியவையே என்று பலர் கூடி உரத்துச் சொன்னதுதான் அங்கே கிடைத்த ஊக்கம். தனியாக எழுதிக்கொண்டிருப்பவருக்கு அந்தச் சொல் எவ்வளவு பெரிய பலம்! சித்தலிங்கையாவின் பாடல்கள் ஊர்வலங்களில் மக்கள் குரலாக ஒலித்தன. அவருடைய தன்வரலாற்றைப் பாவண்ணன் தமிழில் தந்தார். காவிரியின் பெயரால் இரு மொழி உழைப்பாளரையும் மோதவிட முயல்வோர் உள்ள இந்நகரத்தில், ஒரு மொழிபெயர்ப்பு அரசியல் பணியும் ஆகிறது.

ஊக்கம் மட்டும் போதாத வேளையும் வரும். 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த பேச்சுவார்த்தைக்குப் பின், எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவிக்க நேர்ந்தது. அப்போது தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம் கண்டன அறிக்கையோடு நின்றுவிடாமல் உயர்நீதிமன்றத்தின் படியேறியது. அந்தப் பேச்சுவார்த்தையின் முடிவு எழுத்தாளரைக் கட்டுப்படுத்தாது என்று 2016 ஜூலை 5-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. அவர் மீண்டும் எழுதினார். 1975-இல் மதுரையில் தொடங்கி, பல்லாண்டுகள் கிளை கிளையாகக் கூடி வளர்ந்த அமைப்பு இருந்ததால்தான், நெருக்கடி நேரத்தில் வழக்குத் தொடுக்க ஒரு கை இருந்தது.

நம் கூட்டங்களை இந்த அளவுகோலால் அளந்து பார்ப்போம். வாழ்த்துரை, சிறப்புரை, நிறைவுரை என்று நாள் கழிகிறது. புதிதாக எழுத வந்தவர் பின்வரிசையில் அமர்ந்து கைதட்டிவிட்டுப் பேருந்து ஏறுகிறார். அவருடைய பையிலிருந்த கதையை யாரும் கேட்டு வாங்கவில்லை.

ஆகவே மூன்று வேலைகளை முன்வைக்கிறேன். மாநாட்டின் ஒரு பாதி நாளைக் கையெழுத்துப் படிகளை வாசிப்பதற்கு ஒதுக்குவோம். படித்தவர் புகழ்ச்சியோடு நிறுத்தாமல், எந்தப் பத்தி தளர்கிறது என்பதையும் சொல்லட்டும். இரண்டாவதாக, தமிழில் எழுதுவோர் ஒருவரையும் கன்னடத்தில் எழுதுவோர் ஒருவரையும் இணைத்து, ஒருவர் படைப்பை மற்றவர் மொழிக்குக் கொண்டுசெல்லத் துணைசெய்வோம். மூன்றாவதாக, வருவோரின் பயணச் செலவையும், தாய்மார்கள் அமர்வில் இருக்கும்போது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் கிளைகள் ஏற்கட்டும். இவை சிறு செலவுகள். இவை இல்லாமையால் எழுதாமல் போன கதைகளே நமக்குப் பேரிழப்பு.

மாநாட்டிலிருந்து திரும்பும் ஒவ்வொருவர் கையிலும், திருத்தப்பட்ட ஒரு பக்கமும் அடுத்ததை அனுப்ப ஒரு தோழரின் முகவரியும் இருக்கட்டும். பொன்னாடைகளை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்.