அப்பப்பாவின் பெயர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

(கந்தளாயில், மீளக்குடியேறும் குடும்பங்களுக்கான தகவல் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இணையத்தில் குடும்ப வரலாற்றைத் தேடுவது பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், முன்வரிசையில் ஓர் ஐயா கேட்டார்: “பிள்ளை, வீட்டுக்கு இன்னும் கூரை போடேல்ல. இதுக்குள்ள வரலாறு எதுக்கு?”

நியாயமான கேள்வி. ஆனால் ஐயா, உங்கள் தகப்பனாரின் பெயரில் இருந்த காணி அனுமதிப்பத்திரம் உங்கள் பெயருக்கு மாற வேண்டுமென்றால், அவருக்கு நீங்கள் மகன் என்பதைக் கடதாசியில் காட்ட வேண்டும். பேரனார் பெயரில் இருந்தால் இரண்டு தலைமுறையைக் காட்ட வேண்டும். இன்று நான் வரலாறு என்று சொல்வது அந்தக் கடதாசித் தொடரைத்தான்.

அந்தத் தொடர் அறுந்துபோகக் காரணங்கள் பல. சிலருக்கு ஓடும்போது பை தவறியது. சிலருக்கு வீடு எரிந்தது. 1986 ஏப்ரல் 20 அதிகாலை கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தபோது வெள்ளத்தோடு எல்லாம் போனது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

வீட்டில் ஒரேயொரு பழைய பிறப்புச் சான்றிதழாவது மிஞ்சியிருந்தால் இன்றிரவு எடுத்து மறுபடி வாசியுங்கள். யாருடையது என்றாலும் பரவாயில்லை. பிள்ளையின் பெயர், தாய் தகப்பன் பெயர் எல்லாம் தாண்டி வந்தால், பேரனார் இலங்கையில் பிறந்தவராயின் அவரது பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் என்று ஒரு கட்டம் இருக்கும். தகப்பன் இலங்கையில் பிறக்காதவர் என்றால் பூட்டனாரின் விவரம் கேட்டு இன்னொரு கட்டம். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தகப்பன், பேரன், பூட்டன் என்று ஆண் வழியாகத்தான் ஒருவரை இந்த நாட்டவர் என்று ஏற்றது. அதே கணக்கைத்தான் இந்தக் கட்டங்களும் கேட்கின்றன. மலையகத் தமிழர் இலட்சக்கணக்கில் நாடற்றவர்களானது அந்தச் சட்டத்தால்தான். அதை நான் மெச்சவில்லை. ஆனாலும் உங்கள் அப்பப்பா பிறந்த ஆண்டும் ஊரும் எழுதியிருக்கிற ஒரே இடம் அந்தக் கட்டமாக இருக்கலாம். அதை வைத்து அவருடைய சான்றிதழைத் தேடலாம்.

பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் இணையத்தளம் தமிழிலும் இருக்கிறது. பிறப்பு, விவாக, இறப்புச் சான்றிதழ்ப் பிரதிகளுக்கு அதில் விண்ணப்பிக்கலாம். பிரதேச செயலகத்திலும் விண்ணப்பிக்கலாம். ஆனால் பெயரைத் தட்டினால் ஆள் வந்து நிற்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அது தேடித்தரும் பெட்டியல்ல, விண்ணப்பப் படிவம். பதிவு இலக்கமும் திகதியும் தெரிந்தால் வேலை சுருக்கம். தெரியாவிட்டால் பதிவேட்டைப் புரட்டித் தேடச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும், கட்டணமும் கூடும். மாவட்டத்தில் இருந்த பதிவேடு அழிந்துவிட்டது என்று சொன்னால் மனம் தளர வேண்டாம். மறுபிரதி கொழும்பில் மத்திய பதிவேட்டறையில் இருக்கும். “அங்கேயும் பார்த்தீர்களா?” என்று தயங்காமல் கேளுங்கள்.

இடப்பெயரிலும் ஒரு சிக்கல். பழைய பதிவுகளில் திருகோணமலை மாவட்டம் கட்டுக்குளப்பற்று, கொட்டியாரப்பற்று, தம்பலகாமப்பற்று என்று பிரிந்திருக்கும். கந்தளாய் என்று தேடிக் கிடைக்காவிட்டால் தம்பலகாமப்பற்றிலும் தேடச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது கந்தளாயின் ‘த’வுக்குச் சிலர் ‘டி’ மட்டும் போடுவார்கள், சிலர் ‘டி, எச்’ போடுவார்கள். ஆட்களின் பெயருக்கும் இதே கதிதான். என் தகப்பனாரின் அடையாள அட்டையில் ஓர் எழுத்துக் குறைவு. அந்த ஓர் எழுத்துக்காக ஓர் அலுவலகத்துக்கு நாங்கள் எட்டுத் தடவை போனோம். கடைசியில் இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சத்தியக்கடதாசி முடித்துக் கொடுத்தோம். ஆகவே ஒவ்வொரு கடதாசியிலும் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறதோ, எழுத்துப் பிசகாமல் அப்படியே ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். நீங்களாகத் திருத்தி எழுத வேண்டாம்.

இனி, அந்தச் சான்றிதழ் கேட்காத பக்கம். அம்மம்மாவுக்கு அதில் கட்டமே இல்லை. மூத்தும்மாவுக்கும் இல்லை. பெண் வழியைப் பிடிக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி மரண அறிவித்தல். சிரிக்காதீர்கள். “இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட” என்று தொடங்கி, அன்னார் யாருடைய மகள், யாருடைய மனைவி, யாருடைய சகோதரி, யாருடைய மாமி என்று ஒருவர் விடாமல் எழுதியிருப்பார்கள். ஒரு முழு வம்சாவளி நாலு பந்தியில் வந்துவிடும். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஆட்கள் இவற்றை இணையத்தில் போடுகிறார்கள். உறவினர் பெயரையும் ஊரையும் தமிழில் தட்டிப் பாருங்கள். இது சட்டப்படி அத்தாட்சி ஆகாது. ஆனால் எந்தப் பெயரில், எந்த ஊரில் தேட வேண்டும் என்று சொல்லிவிடும்.

அதே மாதிரி முப்பத்தோராம் நாள் கொடுக்கிற நினைவு மலர். கல்வெட்டு என்றும் சொல்வோம். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணைய நூலகத்தில் இப்படியான நினைவு மலர்களும், பாடசாலை மலர்களும், பழைய பத்திரிகைகளும் பக்கம் பக்கமாக வருடி இடப்பட்டிருக்கின்றன. காசு இல்லை. பல பக்கங்கள் படமாகவே இருப்பதால் உள்ளே இருக்கும் ஆள் பெயர் தேடலில் அகப்படாது. ஊர்ப் பெயர், கோயில் பெயர், பள்ளிக்கூடத்தின் பெயர் என்று தேடி, மலரைத் திறந்து, பொறுமையாகப் புரட்டுங்கள். படிக்கிற பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுங்கள்.

வெளிநாட்டுக் குடும்ப வரலாற்றுத் தளங்கள் சில காசு கேட்கும். அவை குடும்பப் பெயரை வைத்துத் தேடுபவை. எங்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? தகப்பன் பெயர்தானே முன்னால் வருகிறது. அவற்றுக்குக் காசு கட்ட வேண்டாம். பேமிலிசேர்ச் இலவசம், ஆனால் அதில் நம் பக்கத்துக்கு உதவுவது குறைவு. அதைவிட ரொறன்ரோவில் இருக்கும் சித்தியிடம் பழைய கலியாணக் காட்டையும் கடவுச்சீட்டின் முதல் பக்கத்தையும் வட்ஸ்அப்பில் கேளுங்கள். தனியாக அவருக்கு மட்டும். அடையாள அட்டை, சான்றிதழ், காணி உறுதி எதையும் படமெடுத்துப் பேஸ்புக் குழுக்களில் போடாதீர்கள்.

எவ்வளவு தேடியும் பிறப்புப் பதிவே இல்லையென்றால் காலங்கடந்த பதிவுக்கோ உத்தேச வயதுச் சான்றிதழுக்கோ போகலாம். அதற்குப் பள்ளிக்கூடச் சேர்வு இடாப்பு பெரிய துணை. படித்த பள்ளிக்கூடத்தின் அதிபரை முதலில் பாருங்கள்.

காணாமல் போனவர்களைத் தேடுவது வேறு வேலை. அதை இணையத்தில் தனியாக ஆரம்பித்து, யாரோ ஒருவரின் பேச்சை நம்பிக் காசு அனுப்பிய தாய்மாரை எனக்குத் தெரியும். செஞ்சிலுவைக் குழுவும் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகமும் இதற்குக் காசு வாங்குவதில்லை. அந்தக் குடும்பங்கள் கூட்டம் முடிந்ததும் என்னோடு தனியாகக் கதையுங்கள்.

வலப்பக்க மேசையில் இரண்டு கணினியும் ஒரு பிரதி எடுக்கும் இயந்திரமும் இருக்கின்றன. அம்மம்மாவின் தகப்பன் பெயர் தெரிந்தவர்கள் முதலில் வாருங்கள். தெரியாதவர்கள் வெளியே மர நிழலில் இருக்கிற பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு வாருங்கள். பின்னேரம் நாலு மணி வரை இருப்போம்.