பாட்டுக்கு ஆகாத தொண்டை



உஷா உதுப்பின் பழைய இசைத்தட்டைப் பற்றித் தருமபுரியில், அதுவும் ஒரு நினைவுச் சொற்பொழிவில் பேசுவதா என்று சிலர் கேட்டார்கள். பேசத்தான் வேண்டும்.

பம்பாயில் பள்ளிப் பாட்டு வகுப்பிலிருந்து, கட்டைக்குரல் என்று வெளியே அனுப்பப்பட்டவர் அவர். 1969இல் சென்னை மவுண்ட் ரோடு 'நைன் ஜெம்ஸ்' இரவு விடுதியில் சேலை கட்டிக்கொண்டு ஜாஸும் பாப்பும் பாடினார். அந்த நாட்களில் பதிவான 'ஜம்பலாயா'வைக் கேளுங்கள். குரலை மெலியவைத்துக் குழையவில்லை. அடித்தொண்டையிலிருந்தே, தாளத்தின்மேல் சாய்ந்து, சிரித்தபடி பாடுகிறார். எங்களுக்கு அது பிடிக்கிறது.

அதே பாட்டை 1952இல் பாடிப் புகழ்பெற்ற ஹாங்க் வில்லியம்ஸுக்கு இசை சொல்லிக்கொடுத்தவர் ரூஃபஸ் பெய்ன் என்ற கறுப்பினத் தெருப்பாடகர். பெய்னின் குரல் ஒரு இசைத்தட்டிலும் இல்லை. உஷா மேடைகளில் பாடும் 'ஃபீவர்' 1956இல் லிட்டில் வில்லி ஜான் என்ற கறுப்பினப் பாடகர் பதிவுசெய்தது. பலருக்கும் தெரிந்தது 1958இல் வந்த பெகி லீயின் பதிவுதான்.

உஷா அய்யர் வீட்டுப் பெண். ஒதுக்கப்பட்ட அந்தக் குரலுக்கு ஒரு மவுண்ட் ரோடு கிடைத்தது. இங்கே எங்களிடமும் பள்ளியில், 'உனக்குப் பாட்டு வராது, போய் உட்கார்' என்றார்கள். கொல்லைக்கு அந்தப் பக்கம் கூப்பிட்டுக் கூப்பிட்டே தடித்த தொண்டை எங்கள் அம்மாக்களுடையது. நடவிலும் சாவிலும் அவர்கள் பாடியது எந்தத் தட்டில் இருக்கிறது?

அரூர்ப் பக்கமும் பென்னாகரத்துப் பக்கமும் பாடுகிற கிழவிகள் இன்னும் இருக்கிறார்கள். மாணவர்கள் கையில் கைப்பேசி இருக்கிறது. பதிவுசெய்யுங்கள், பாடியவர் பெயரையும் ஊரையும் அவர் வாயாலேயே முதலில் சொல்லவையுங்கள்.