ஒரு மூலமும் பல உரைகளும்: குவாண்டம் இயற்பியல் எழுப்பும் வினாக்கள்

(திருவிழாவையொட்டி ஆலய மண்டபத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

பிரம்ம சூத்திரம் ஒன்றே. அதற்குச் சங்கரரும் இராமாநுசரும் மத்துவரும் வெவ்வேறு உரை வகுத்தனர். சிவநெறி நின்று ஸ்ரீகண்டர் மற்றோர் உரை கண்டார். திருக்குறளுக்குப் பண்டு உரை கண்டவர் பதின்மர் என்பது வழக்கு. மூலம் மாறவில்லை, பொருள் கொள்ளும் முறையே மாறியது. சமயத்திலும் இலக்கியத்திலும் இயல்பாகக் காணப்படும் இந்நிலை, கணக்கையும் கருவியையும் துணைக்கொண்டு நடக்கும் இயற்பியலிலும் உண்டு என்றால் பலர் வியப்படைவர். ஆயினும் அதுவே உண்மை. குவாண்டம் இயற்பியல் தோன்றி ஏறத்தாழ நூறாண்டுகள் ஆகியும், அதன் பொருள் யாது என்பதில் அறிஞர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை.

1925ஆம் ஆண்டில் ஹெய்சன்பெர்க்கும் 1926ஆம் ஆண்டில் ஷ்ரோடிங்கரும் இத்துறையின் கணித வடிவை அமைத்தளித்தனர். அக்கணிதமே இங்கு மூலம் எனத்தக்கது. லேசர் ஒளியும், கணினியின் உள்ளமைந்த சில்லும், மருத்துவமனையில் உடலின் உட்புறத்தைப் படம்பிடிக்கும் காந்த அதிர்வுக் கருவியும் இம்மூலத்தின் வழி உருவானவையே. கணக்கு பிழைத்தது எனச் சோதனை எதுவும் காட்டியதில்லை. அக்கணக்கு உலகத்தைப் பற்றி என்ன சொல்கிறது என்பதே வழக்கு.

புதிர் எங்கே தொடங்குகிறது என்பதை ஒரு சோதனையால் உணரலாம். 1989ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர் தொனொமுராவும் அவர்தம் குழுவினரும், எலெக்ட்ரான்கள் ஒவ்வொன்றாகச் செல்லும்படி ஒரு கருவியை அமைத்தனர். எலெக்ட்ரான் கடந்து செல்ல இரு வழிகள் இருந்தன. திரையில் ஒவ்வோர் எலெக்ட்ரானும் ஒரு புள்ளியாகவே விழுந்தது. ஆனால் ஆயிரக்கணக்கான புள்ளிகள் சேர்ந்தபோது, இரண்டு நீரலைகள் ஒன்றோடொன்று மோதினால் தோன்றும் வரிவடிவம் தெரிந்தது. தனியாகச் சென்ற துகள் எதனோடு மோதி அலை வடிவம் கொண்டது? எவ்வழியே சென்றது என அறியக் கருவி வைத்தால், அவ்வரிவடிவமே மறைந்துவிடும் என்பது இதனினும் வியப்பு.

மாக்ஸ் பார்ன் 1926ஆம் ஆண்டில் வகுத்த விதியின்படி, ஷ்ரோடிங்கரின் அலை, துகள் எங்கே காணப்படும் என்பதற்கான வாய்ப்பை மட்டுமே தருகிறது. அவ்வாறாயின், அளப்பதற்கு முன் துகள் எங்கே இருந்தது? இதன் விபரீதத்தைக் காட்டவே 1935ஆம் ஆண்டில் ஷ்ரோடிங்கர், பெட்டிக்குள் அடைபட்ட ஒரு பூனையைக் கற்பனை செய்தார். ஓர் அணுவின் சிதைவைப் பொறுத்தே அதன் உயிர் போகும். மூலத்தை அப்படியே கொண்டால், பெட்டியைத் திறக்கும்வரை பூனை இறந்ததும் இறவாததும் சேர்ந்த நிலையில் இருக்க வேண்டும். பூனை அவ்வாறு இருக்கிறது என்று அவர் போதிக்கவில்லை. இக்கொள்கையில் ஏதோ விடுபட்டிருக்கிறது என்பதையே சுட்டினார்.

இதற்கு எழுந்த உரைகள் பல. அவற்றுள் மூன்றைச் சுருங்கக் கூறலாம். அளவிடும் கருவியைக் குறிப்பிடாமல் துகளின் நிலையைப் பற்றிப் பேசுவது பொருளற்றது என்பது டென்மார்க் நாட்டு நீல்ஸ் போரின் உரை. துகளுக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு, அதனை ஓர் அலை வழிநடத்துகிறது என்பது 1927ஆம் ஆண்டில் டி பிராய் கோடிட்டு, 1952ஆம் ஆண்டில் டேவிட் போம் விரித்த உரை. நிகழக்கூடிய விளைவுகள் யாவும் நிகழ்கின்றன, ஒவ்வொன்றும் தனித்தனிக் கிளையில் நிகழ்கிறது என்பது 1957ஆம் ஆண்டில் ஹியூ எவரெட் வகுத்த உரை. இன்றுவரை நடந்த சோதனைகளுக்கு இம்மூன்றும் ஒரே விடையையே தருகின்றன.

ஐன்ஸ்டீனுக்கு நீல்ஸ் போரின் உரை நிறைவளிக்கவில்லை. இறைவன் பகடை ஆடுவதில்லை என்னும் கருத்தை அவர் பலமுறை வெளியிட்டார். கயிலையில் அம்மையும் அப்பனும் சொக்கட்டான் ஆடிய புராணம் கேட்டு வளர்ந்தோர்க்கு இது புன்முறுவல் தரலாம். ஆனால் இயற்கை ஒழுங்குக்கு உட்பட்டது என்பதையே அவர் அச்சொல்லால் குறித்தார். 1935ஆம் ஆண்டில் பொடோல்ஸ்கி, ரோசன் ஆகிய இருவருடன் சேர்ந்து அவர் எழுப்பிய வினா ஆழமானது. ஒன்றாகத் தோன்றிப் பிரிந்த இரு துகள்களுள் ஒன்றை அளந்தவுடன் மற்றதன் நிலையும் தெரிந்துவிடுகிறது. அவை பிரியும்போதே விடைகளைத் தம்முடன் எடுத்துச் சென்றிருக்க வேண்டாவா? அப்படியெனில், விடைகளைக் கூறாத குவாண்டம் கொள்கை நிறைவுபெறாத ஒன்றன்றோ?

முப்பது ஆண்டுகள் வரை இது முடிவில்லா வாதமாகவே நின்றது. 1964ஆம் ஆண்டில் ஜான் பெல் என்னும் அயர்லாந்து அறிஞர், இதனைச் சோதனையால் தீர்க்கலாம் எனக் காட்டினார். அவர்தம் கருத்தின் எளிய வடிவம் வருமாறு.

இரட்டையர் இருவர் தனித்தனி அறைகளில் அமர்த்தப்படுகின்றனர். இருக்கும் வினாக்கள் மூன்று. ஒவ்வொருவரிடமும் அவற்றுள் ஒன்று கேட்கப்படும். எது வரும் என்பது முன்னரே தெரியாது. விடை ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்பதே. ஒரே வினா கேட்கப்படும்போதெல்லாம் இருவர் விடையும் ஒத்திருக்கிறது. எனவே இருவரும் முன்னரே பேசி விடைப்பட்டியல் ஒன்றை வைத்திருக்கின்றனர் என எண்ணுவது இயல்பு. மூன்று வினாக்களுக்கு இரண்டே வகை விடை உண்டாதலால், எந்தப் பட்டியலிலும் குறைந்தது இரண்டு விடைகள் ஒன்றாகவே இருக்கும். ஆகவே வெவ்வேறு வினாக்கள் கேட்கப்படும்போதும், சராசரியாக 300 முறையில் குறைந்தது 100 முறை விடைகள் ஒத்திருக்க வேண்டும். இரட்டையர்க்குப் பதிலாக ஒளித்துகள்களையும், வினாக்களுக்குப் பதிலாக ஒளியை வடிகட்டும் தகட்டின் மூன்று கோணங்களையும் வைத்தால், குவாண்டம் கணக்கு கூறும் எண்ணிக்கை 75. முன்கூட்டிய பட்டியல் எதனாலும் இவ்வெண்ணைத் தர இயலாது.

1972ஆம் ஆண்டில் ஜான் கிளவுசரும் ஃபிரீட்மனும், 1982ஆம் ஆண்டில் பிரான்சில் அலன் ஆஸ்பே குழுவினரும் இவ்வகைச் சோதனைகளை நிகழ்த்தினர். 2015ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில், 1.3 கிலோமீட்டர் இடைவெளியில் எலெக்ட்ரான்களைக் கொண்டு மேலும் கடுமையான சோதனை நடைபெற்றது. முன்னேற்பாடு இருப்பின் 2ஐத் தாண்டக் கூடாத ஓர் அளவு அங்கே 2.42 எனப் பதிவாயிற்று. கிளவுசர், ஆஸ்பே, ஆஸ்திரியாவின் ஆன்டன் சைலிங்கர் ஆகிய மூவர்க்கும் 2022ஆம் ஆண்டில் நோபல் பரிசு வழங்கப்பெற்றது. துகள்கள் விடையைச் சுமந்து செல்கின்றன, தொலைவில் நடப்பது அவற்றைத் தொடாது என்னும் எளிய உரை இவ்வாறு வீழ்ந்தது. மற்ற உரைகள் நிற்கின்றன. எனினும் இப்பிணைப்பைக் கொண்டு ஒளியினும் விரைவாகச் செய்தி அனுப்ப இயலாது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

வீண்வாதம் எனப் பலர் ஒதுக்கிய வினாவே பின்னர்ப் பயன் தந்தது. பெல் கண்ட தேற்றத்தை அடிப்படையாகக் கொண்டு, ஒட்டுக்கேட்பாரைக் காட்டிக்கொடுக்கும் இரகசியச் செய்தி முறையை 1991ஆம் ஆண்டில் ஆர்ட்டூர் ஏகர்ட் வகுத்தார். 2007ஆம் ஆண்டில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் நிறுவப்பெற்ற குவாண்டம் தொழில்நுட்ப மையத்திற்கு அவரே முதல் இயக்குநரானார். அம்மையம் உருவாக்கிய, மூன்று கிலோகிராமுக்கும் குறைந்த எடையுள்ள சிறு துணைக்கோள் ஒன்று, 2019ஆம் ஆண்டில் விண்ணில் செலுத்தப்பட்டு, பிணைந்த ஒளித்துகள்களை அங்கேயே தோற்றுவித்துக் காட்டியது.

இனி, ஆலய மண்டபத்தில் இப்பொருளைப் பேசுவதற்கான காரணம் ஒன்றுண்டு. ‘அனைத்தும் மாயை என வேதாந்தம் சொன்னதைக் குவாண்டம் அறிவியல் மெய்ப்பித்துவிட்டது’ என்றும், ‘மனமே பொருளைப் படைக்கிறது என இயற்பியல் ஒப்புக்கொண்டுவிட்டது’ என்றும் மேடைகளில் முழங்குவோர் உளர். இதற்குச் சான்றாக ஷ்ரோடிங்கரின் பெயர் கூறப்படுகிறது. அவர் உபநிடதங்களில் ஆழ்ந்த பற்றுடையவர் என்பது மெய். 1961ஆம் ஆண்டில் வெளிவந்த தம் உலகநோக்கைப் பற்றிய நூலில் வேதாந்தத்தை விரிவாகப் போற்றியுள்ளார். அந்நூலின் முற்பகுதி, அவர்தம் புகழ்பெற்ற சமன்பாட்டிற்கு முன்பே, 1925ஆம் ஆண்டில் எழுதப்பட்டது. ஆயினும் அச்சமன்பாட்டை உபநிடதத்திலிருந்து பெற்றதாக அவர் உரிமை கூறவில்லை. அளவிடுதலில் மனத்திற்குப் பங்குண்டு என 1961ஆம் ஆண்டில் எழுதிய விக்னரும் பிற்காலத்தில் அக்கருத்தைக் கைவிட்டார். கருவி ஒன்று பதிவு செய்தாலே போதும். அதனை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்பதே இன்று பெரும்பாலோர் கொள்ளும் கருத்து.

இம்மிகைக்கூற்றுகளால் விளையும் தீங்கு சிறிதன்று. ஆலயத்தில் இதனைக் கேட்ட பிள்ளை பல்கலைக்கழகம் சென்று இயற்பியல் பயிலும்போது, சொன்னது பிழை எனக் காண்கிறான். அவன் ஐயம் அந்த ஒரு கூற்றோடு நிற்பதில்லை. பெரியோர் சொன்ன அனைத்தின்மீதும் படர்கிறது. மேலும் அறிவியல் உரைகள் மாறும் இயல்பின. இன்று நிற்கும் ஓர் உரையின்மீது பக்தியை ஏற்றிவைத்தால், நாளை அவ்வுரை வீழும்போது பக்தியும் சேர்ந்து வீழும். தேவாரமும் திருவாசகமும் ஆய்வுக்கூடச் சான்றிதழ் பெற்றா உள்ளங்களை உருக்கின?

ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வு நிலையத்தில், இந்திய அரசு அன்பளித்த இரண்டு மீட்டர் உயர நடராசர் திருவுருவம் 2004ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. ஜான் பெல் பணியாற்றியதும் அந்நிலையத்தில்தான். அங்கே ஆடவல்லான் எந்தச் சமன்பாட்டிற்கும் சாட்சி கூற நிற்கவில்லை. ஆய்வாளர் எவரும் அவ்வுருவை அளந்து பார்க்கவும் இல்லை. ஒன்றையொன்று சான்றுக்கு அழைக்காமலே கலையும் அறிவியலும் அருகருகே நிற்கின்றன.

ஆதலால் மாணவர்கள் வினவுக. விடை கிடைக்க முப்பது ஆண்டுகள் ஆயினும் சலியாது வினவுக. பெற்றோர்கள் அவ்வினாக்களை நாத்திகம் என அஞ்சாது வரவேற்பாராக. தெரிந்ததைத் தெரிந்தது என்றும், தெரியாததைத் தெரியாது என்றும் கூறும் நேர்மை, ஆய்வுக்கூடத்திற்கும் ஆலயத்திற்கும் பொதுவான அறமாகும். எல்லாம் வல்ல இறைவனின் திருவருள் அனைவருக்கும் துணை நிற்பதாக.