தூதரக வாசலில் குடிமக்கள்: அயல்வாழ் மலேசியரின் பெர்சே ஆர்ப்பாட்டங்கள்

  அயல்நாட்டில் வாழும் ஒருவர் தம் நாட்டு அரசியலுக்காகத் தெருவில் இறங்குவது பொறுப்புள்ள செயலா என்ற கேள்வியில் எனக்கும் துறை நண்பர்கள் சிலருக்கும் நெடுநாளாகக் கருத்து வேறுபாடு உண்டு. இந்த அவை அதை ஓரளவு அறியும். கருத்தரங்குகளில் பாதியில் நின்றுபோன அந்த வாதத்தை இன்று முழுமையாக முன்வைக்கிறேன்.

நண்பர்கள் துணைக்கு அழைப்பது பெனடிக்ட் ஆண்டர்சனை. 1992இல் ஆம்ஸ்டர்டாமில் ஆற்றிய உரையில் அவர் தொலைதூரத் தேசியம் என்ற கருத்தை விளக்கினார். புலம்பெயர்ந்தவர் தாம் தலையிடும் நாட்டுக்கு வரி கட்டுவதில்லை, அதன் நீதிமன்றத்துக்குப் பதில் சொல்வதில்லை, அஞ்சலில்கூட வாக்களிப்பதில்லை. ஏனெனில் அவர் இப்போது வேறொரு நாட்டின் குடிமகன். ஆகவே அவருடைய அரசியல் யாருக்கும் பொறுப்பேற்காத அரசியல் என்பது ஆண்டர்சன் வாதத்தின் சாரம். கனடாவில் இருந்துகொண்டு காலிஸ்தானை ஆதரித்தவர் போன்றோர் அவர் கண்முன் இருந்தார்கள். அத்தகையோரைப் பொறுத்தவரை அவர் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 'வேறொரு நாட்டின் குடிமகன்' என்ற நிபந்தனையை நண்பர்கள் வசதியாக விட்டுவிட்டார்கள். வெளிநாட்டில் பதாகை ஏந்திய எவரையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். என் வழக்கு முழுவதும் இந்த இடத்தில்தான்.

மலேசியாவை எடுத்துக்கொள்வோம். தூய்மையான தேர்தல் கோரிய பெர்சே இயக்கம், அம்பிகா சீனிவாசன் தலைமையில், 2011 ஜூலை 9 அன்று கோலாலம்பூரில் பேரணி நடத்தியது. அதற்கு முன்பே அரசு இயக்கத்தைச் சட்டவிரோதம் என்று அறிவித்து, அதன் மஞ்சள் சட்டைக்கும் தடை விதித்திருந்தது. பேரணியில் கண்ணீர்ப்புகை வீசப்பட்டது. 1,600க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். அதே நாளில் லண்டன், மெல்பர்ன் உள்ளிட்ட பல நகரங்களில் மலேசியர்கள் அதே மஞ்சள் சட்டையில் கூடினார்கள். பெர்சேயின் எட்டுக் கோரிக்கைகளில் ஒன்று அஞ்சல் வாக்குச் சீர்திருத்தம். அன்றைய விதிப்படி வெளிநாட்டிலிருந்து வாக்களிக்கும் உரிமை அரசு ஊழியர், படைவீரர், முழுநேர மாணவர், அவர்தம் துணைவர் ஆகியோருக்கு மட்டுமே இருந்தது. லண்டன் பெல்கிரேவ் சதுக்கத்துத் தூதரகத்தில் பாஸ்போர்ட் புதுப்பிக்க ஒரு செவிலியர் வரிசையில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாளரத்துக்கு உள்ளே இருந்து முத்திரை குத்தும் மலேசிய அதிகாரிக்கு வாக்கு உண்டு. வெளியே நிற்கும் செவிலியருக்கு இல்லை. இருவர் கையிலும் இருப்பது ஒரே பாஸ்போர்ட். வாக்கு இல்லை என்பதைப் பொறுப்பின்மையின் அடையாளமாக ஆண்டர்சன் கண்டார். இந்த மனிதர்களோ அந்த வாக்கைத்தான் கேட்டு நின்றார்கள். தம்மை அந்த நாட்டோடு பொறுப்பில் கட்டிவைக்கும் கயிற்றைத் தாமே கேட்டு வாங்க வந்தவர்களைப் பொறுப்பற்றவர்கள் என்று எப்படிச் சொல்வது?

கேட்ட முறையையும் பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் 1986ஆம் ஆண்டுப் பொது ஒழுங்குச் சட்டப்படி ஊர்வலத்துக்கு ஆறு நாள் முன்பே காவல்துறைக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். ஓரிடத்தில் நின்று நடத்தும் கூட்டத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வாழும் நாட்டின் இத்தகைய விதிகளுக்குள் நின்று, சொந்த நாட்டின் அரசிடம் அதன் தூதரகம் வழியாகப் பேசுவதுதான் அயல்வாழ் குடிமகனின் ஆர்ப்பாட்டம். இரண்டு சட்டங்களுக்கும் ஒரே நேரத்தில் அவர் கட்டுப்படுகிறார். தெரு மட்டும் வழியாக இருக்கவில்லை. பிரிட்டனில் வாழ்ந்த மலேசியர் ஆறு பேர் நீதிமன்றத்தையும் நாடிப் பார்த்தார்கள். கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தது. பிறகு 2013 ஜனவரியில் தேர்தல் ஆணையமே விதியை மாற்றியது. ஐந்து ஆண்டுகளில் மொத்தம் 30 நாளாவது நாடு திரும்பியிருந்தால் அஞ்சலில் வாக்களிக்கலாம் என்றது.

அந்த ஆண்டுத் தேர்தலுக்குச் சில ஆயிரம் பேரே பதிவு செய்தார்கள், ஆகவே இதெல்லாம் வெறும் ஆரவாரம் என்று நண்பர்கள் சொல்வார்கள். லட்சக்கணக்கான மலேசியர் வாழும் சிங்கப்பூர் அந்த விதியிலிருந்து விலக்கப்பட்டிருந்தது என்பதை அவர்கள் சேர்த்துச் சொல்வதில்லை. தென் தாய்லாந்து, புருணை, கலிமந்தான் ஆகியவையும் விலக்கப்பட்டன. பக்கத்தில்தானே இருக்கிறீர்கள், வந்து போடுங்கள் என்பது ஆணையத்தின் நியாயம். சிங்கப்பூர்வாழ் மலேசியரும் ஜோகூர் பாலத்தைக் கடந்து வந்து போட்டார்கள். தேர்தல் முடிந்ததும், 2013 மே 11 அன்று, முடிவை எதிர்த்து சிங்கப்பூர் மெர்லயன் பூங்காவில் கூடிய மலேசியரில் 21 பேர் கைதானார்கள். அயலில் வாழும் மலேசியர் மிகுதியாக உள்ள ஊரில்தான் அவர்கள் கூடவும் முடியவில்லை, அஞ்சலில் வாக்களிக்கவும் முடியவில்லை.

2018 தேர்தல் என் வாதத்துக்கு இன்னும் வலுவான சான்று. வேட்புமனு நாளுக்கும் வாக்குப்பதிவுக்கும் இடையில் இருந்தது பதினொரு நாள். வாக்குப்பதிவு மே 9, புதன்கிழமை. வெளிநாடுகளுக்கு அனுப்பிய வாக்குச்சீட்டுகள் பலருக்குக் கடைசி நேரத்தில்தான் கிடைத்தன. தபாலில் திருப்பி அனுப்பினால் உரிய நேரத்தில் போய்ச் சேராது. அப்போது அயல்நகரங்களில் தன்னார்வலர்கள் உறைகளைச் சேகரித்து, விமான நிலையங்களில் ஊர் திரும்பும் பயணிகளிடம் ஒப்படைத்தார்கள். கோலாலம்பூரில் இறங்கிய உறைகளைத் தொகுதி வாரியாகப் பிரித்து, மாலை ஐந்து மணிக்குள் தேர்தல் அதிகாரியின் கையில் சேர்க்க வேறு சிலர் ஓடினார்கள். முன்பின் தெரியாத ஒருவரின் முத்திரையிட்ட வாக்கை அப்படியே கொண்டுபோய்ச் சேர்ப்பதை விடப் பெரிய பொறுப்பு குடியாட்சியில் என்ன இருக்கிறது? தூதரக வாசலில் கூடிப் பழகாத சமூகம் இத்தகைய வேலையைச் சில நாளில் அமைத்திருக்க முடியாது என்பது என் உறுதியான முடிவு.

கண்ணீர்ப்புகை எட்டாத இடத்தில் நிற்பது எளிது என்ற ஆட்சேபம் ஒன்று உண்டு. எளிதுதான், கோலாலம்பூரில் நின்றவர்களின் துணிவோடு இதை யாரும் ஒப்பிடவில்லை. ஆனால் முழுப் பாதுகாப்பு என்பதும் உண்மையில்லை. 2016இல் பெர்சேயின் தலைவர் மரியா சின் அப்துல்லா, இயக்கத்துக்கு அளிக்கப்பட்ட குவாங்ஜு மனித உரிமை விருதைப் பெறத் தென்கொரியா செல்லவிடாமல் தடுக்கப்பட்டார். வெளிநாட்டில் அரசை இழித்துப் பேசுவோருக்குப் பயணத் தடை வரலாம் என்று குடிநுழைவுத் துறை அதே மாதம் அறிவித்தது. அஞ்சத் தேவையில்லாத பேச்சென்றால் எந்த அரசும் இவ்வளவு தூரம் போகாது.

2009இல் லண்டன் நாடாளுமன்றச் சதுக்கத்தில் ஈழத்தமிழர் நடத்திய நெடும் போராட்டத்தையும் நண்பர்கள் இதோடு சேர்த்துப் பேசுகிறார்கள். அங்கே நின்றவர்கள் பிரிட்டனில் வாழ்ந்து, வரி கட்டி, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திடம் முறையிட்டார்கள். முறையீடு தாம் வாழும் நாட்டின் அரசிடம். பொறுப்புக் கணக்கும் அங்கேயே. விரிவாகச் சொல்ல நேரமில்லை.

இனி ஆய்வாளர்கள் செய்ய வேண்டியவை சில. சிங்கப்பூர், வளைகுடா நாடுகளில் வெளிநாட்டினர் கூடுவது பற்றிய சட்டங்களைத் தமிழில் தொகுக்க வேண்டும். 2018இல் வாக்குச்சீட்டு சுமந்தவர்களின் வாய்மொழிப் பதிவு, அவர்கள் நினைவு மங்குமுன் வேண்டும். நம் நாட்டு நிலையையும் யாராவது முனைந்து ஆராய வேண்டும். 2010இல் திருத்தப்பட்ட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் வெளிநாடுவாழ் இந்தியர் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க வழி செய்தது; ஆனால் துபாயில் வேலை செய்யும் திருநெல்வேலிக்காரர் வாக்களிக்க வேண்டுமானால் விமானம் ஏறி ஊருக்கு நேரில் வந்தாக வேண்டும்.