மலைக்கு மேல் ஒரு ‘ஹில்ஸ்’



மதுரையில் ஒத்தக்கடைப் பக்கம் போகிறவர்களுக்கு யானைமலையை யாரும் கைகாட்ட வேண்டியதில்லை. துதிக்கையை நீட்டிப் படுத்த யானையாக அதுவே கண்ணில் படும். மேற்கே நாகமலை, திருப்பரங்குன்றம் போகிற வழியில் பசுமலை, வடக்கே அழகர்மலை. எல்லாப் பெயரிலும் ‘மலை’ ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இவற்றை ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் வேடிக்கை. அழகர்மலை ‘அழகர் ஹில்ஸ்’ ஆகும். மலை போய் ஹில்ஸ் வந்தது, கணக்குச் சரி. திண்டுக்கல் பக்கத்துச் சிறுமலையோ ‘சிறுமலை ஹில்ஸ்’. மலையும் உண்டு, ஹில்ஸும் உண்டு. ‘நடு சென்டர்’ என்பார்களே, அந்தக் கதைதான்!

தமிழ்ப் பெயரில் இது உடனே தெரிந்துவிடுகிறது. வடமொழிப் பெயரில் ஒளிந்துகொள்கிறது. கிரி என்றாலும் அத்ரி என்றாலும் மலைதான். நீலகிரிக்கு நீலமலை என்று பொருள். ‘நீல்கிரி ஹில்ஸ்’ என்றால் மலை இரண்டு தடவை வந்துவிடுகிறது. சஹ்யாத்ரிக்கும், அழகர்மலையின் வடமொழிப் பெயரான விருஷபாத்ரிக்கும் இதே கதிதான்.

இமயம் மட்டும் ஏமாற்றும். ‘ஹிமாலய’ என்பதில் நம்முடைய ‘மலை’ காதில் விழுந்தாலும், அதைப் பிரிப்பது ஹிம, ஆலய என்று. ஹிமம் பனி, ஆலயம் இருப்பிடம். மீனாட்சி ஆலயம் என்கிறோமே, அதே ஆலயம். பனியின் வீடு என்பதில் மலைக்கான சொல்லே இல்லை. ஆகவே ‘ஹிமாலயா மவுண்டன்ஸ்’ கூறியது கூறல் ஆகாது.

மூலத்தில் அது ஒருமை. சுமார் 2,400 கிலோமீட்டர் நீளத்துக்குப் பல வரிசைகளாகக் கிடப்பதால், ஆல்ப்ஸ், ஆண்டீஸ் போல ஆங்கிலம் அதையும் ‘ஹிமாலயாஸ்’ என்று பன்மையாக்கிக்கொண்டது. அகராதிகள் இதை ஏற்கின்றன. நிலவியலாளரும் மலையேறிகளும் பலர் ‘தி ஹிமாலயா’ என்று ஒருமையிலேயே எழுதுகிறார்கள். உச்சரிப்பிலும் இரண்டு வழக்கு: ‘ஹிமலேயா’ ஆங்கிலத்தில் பரவலானது, ‘மா’வை நீட்டும் ‘ஹிமாலயா’ மூலத்துக்கு நெருக்கமானது. மதுரைக்காரர் நாக்கில் இயல்பாக வருவது பின்னதுதான்.

எது சரி? இரண்டும் சரி, ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும். ‘தி நீல்கிரிஸ்’ மாவட்டத்தின் அதிகாரபூர்வ ஆங்கிலப் பெயர். அதில் கைவைக்க வேண்டாம். தமிழ் தெரியாதவருக்கு வழி சொல்ல ‘சிறுமலை ஹில்ஸ்’ உதவும் என்றால் அதுவும் இருக்கட்டும். பன்மைக்காக ‘ஹிமாலயா’வுக்கும் ‘எஸ்’ஸுக்கும் நடுவே அபாஸ்டிரஃபி போடும் மாணவருக்கு மட்டும், ஆசிரியர்கள் தயங்காமல் மதிப்பெண்ணைக் குறைக்கலாம்.