மிரட்டல் வந்த வீட்டின் வாசலில் முதலில் நிற்பது யார்?

(புரோத்ராபூரில் நடைபெற்ற கட்சி உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

தோழர்களே!

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையையும் போர்ட் பிளேரையும் இணைக்கும் கடலடிக் கேபிள் இயங்கத் தொடங்கியது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் கேபிள் வரும்வரை தீவுகளின் இணையம் செயற்கைக்கோளை நம்பியிருந்தது. இன்று சென்னையிலோ கொல்கத்தாவிலோ அனுப்பப்படும் காணொளி, சில நொடிகளில் புரோத்ராபூரில் உள்ள கைப்பேசியில் வந்து விழுகிறது. மாணவருக்கும் நோயாளிக்கும் தொழிற்சங்கத்துக்கும் இது பயன் தருகிறது. வன்முறை மிரட்டலும் இதே வழியில்தான் வருகிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தத் தீவுகளில் வாழ்வோர் 3,80,581 பேர். வங்காளம், இந்தி, தமிழ், தெலுங்கு, மலையாளம், நிக்கோபாரி பேசுவோரும், சோட்டா நாக்பூரிலிருந்து உழைக்க அழைத்துவரப்பட்ட ஆதிவாசிகளின் வழித்தோன்றல்களும் அவர்களில் அடங்குவர். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் சுமார் 15 விழுக்காடு. ஒரே தெருவில் நான்கு மொழிகள் பேசப்படுகின்றன. அந்தத் தெருவில் ஒரு குடும்பத்தையோ ஒரு சமூகத்தையோ குறிவைத்து மிரட்டல் வந்தால், அக்கம்பக்கத்தார் செய்ய வேண்டியது என்ன? காவல்துறை செய்வது என்ன? இந்தியாவின் அண்மைக்கால அனுபவம் இதற்கு விடை தருகிறது.

அச்சம் ரயில் ஏறிய ஆகஸ்ட்

2012 ஜூலையில் அசாமின் போடோ பகுதியில் மோதல் வெடித்தது. லட்சக்கணக்கானோர் வீடிழந்து முகாம்களில் தஞ்சம் புகுந்தனர். அடுத்த மாதமே பெங்களூருவில் வாழ்ந்த வடகிழக்கு மாநிலத்தவரின் கைப்பேசிகளுக்கு மிரட்டல் செய்திகள் வரத் தொடங்கின. ரம்ஜானுக்குப் பின் அவர்கள் தாக்கப்படுவார்கள் என்பதே அவற்றின் சாரம். அச்செய்திகள் கையிலிருந்து கைக்கு மாறின. ஆகஸ்ட் 15 முதல் பெங்களூரு ரயில் நிலையத்தில் கூட்டம் நிரம்பி வழிந்தது. குவாஹாட்டிக்குச் சிறப்பு ரயில்கள் விடப்பட்டன. ஆயிரக்கணக்கான காவலாளிகளும் உணவக ஊழியர்களும் அழகு நிலையப் பணியாளர்களும் மாணவர்களும் சில நாட்களில் ஊரைவிட்டு வெளியேறினர். சென்னை, புனே, ஐதராபாத் நகரங்களிலிருந்தும் பலர் கிளம்பினர்.

மத்திய அரசு என்ன செய்தது? ஆகஸ்ட் 17 அன்று மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்புவதற்கு 15 நாட்கள் தடை விதித்தது. ஒருவர் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் செய்தி அனுப்ப முடியாமல் போனது. 300-க்கும் மேற்பட்ட இணைய முகவரிகள் முடக்கப்பட்டன. வதந்தி பொய் என்று நிறுவிய சில பக்கங்களும் அந்தப் பட்டியலில் சிக்கின. பொய்யை அடைக்கப் போன கதவு, உண்மையின் மீதும் சாத்தப்பட்டது.

கர்நாடக அமைச்சர்கள் உறுதிமொழி அளித்தார்கள். முஸ்லிம் அமைப்புகள் பகிரங்கமாக முன்வந்து, யாருக்கும் ஆபத்து நேராது என்று அறிவித்தன. போற்றத்தக்க செயல்தான். ஆனால் அதற்குள் மூட்டை கட்டிவிட்டவர்கள் பலர். சங்கமோ குடியிருப்போர் அமைப்போ இல்லாத, வேலை நிரந்தரமில்லாத உழைப்பாளிக்கு அந்த முதல் இரவில் துணையாக இருந்தது கைப்பேசி ஒன்றே. அந்தக் கைப்பேசியோ அவரை மிரட்டிக்கொண்டிருந்தது.

2023: வேறுவிதமான பதில்

2023 மார்ச் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் வட மாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் போலிக் காணொளிகள் பரப்பப்பட்டன. வேறெங்கோ, வேறு காரணத்துக்காக நடந்த சம்பவங்களின் காட்சிகளுக்குத் தமிழ்நாட்டின் பெயர் ஒட்டப்பட்டது. ஹோலிக்கு ஊர் திரும்பியவர்களின் ரயில் கூட்டம்கூட அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது.

இம்முறை அரசின் பதில் மாறியிருந்தது. காவல்துறைத் தலைவர் காணொளிகள் பொய் என்று உடனே அறிவித்தார். பரப்பியவர்கள்மீது வழக்குகள் பதிவாயின. உதவி எண்கள் வெளியிடப்பட்டன. அதிகாரிகள் தொழிலாளர் குடியிருப்புகளுக்கே சென்று பேசினார்கள். பீகார் அரசின் குழு நேரில் வந்து நிலைமையைக் கண்டது. இணையம் துண்டிக்கப்படவில்லை, குறுஞ்செய்தியும் தடுக்கப்படவில்லை. பொய்க்கு எதிராக உண்மை, தொழிலாளியின் மொழியில், தொழிலாளியின் வாசலுக்குச் சென்றது. 2012-க்கும் 2023-க்கும் இடையிலான வேறுபாடு இதுவே.

காவல்துறையின் இரண்டு வேகங்கள்

ஆனால் காவல்துறை எல்லோருக்கும் இதே வேகத்தில் வருவதில்லை. 2012 நவம்பரில் பால் தாக்கரே மறைவையொட்டி மும்பை முடங்கியதைக் கேள்வி கேட்டு, மகாராஷ்டிரத்தின் பால்கரைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர் பேஸ்புக்கில் எழுதினார். அவருடைய தோழி அதற்கு விருப்பக்குறி இட்டார். ஒரு கும்பல் அந்தப் பெண்ணின் உறவினருடைய மருத்துவமனையை அடித்து நொறுக்கியது. காவல்துறை முதலில் கைது செய்ததோ அந்த இரு பெண்களை! நாடெங்கும் எழுந்த கண்டனத்துக்குப் பின்னரே காவல் அதிகாரிகள் இருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். இதைத் தொடர்ந்து தொடுக்கப்பட்ட ஸ்ரேயா சிங்கால் வழக்கில்தான் 2015 மார்ச் 24 அன்று உச்சநீதிமன்றம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை ரத்து செய்தது.

2021 ஜூலையில் முஸ்லிம் பெண்களின் படங்களைத் திருடி, அவர்களை ‘ஏலம்’ விடுவதாக ஒரு செயலி வெளியானது. பத்திரிகையாளர்களும் செயற்பாட்டாளர்களும் குறிவைக்கப்பட்டனர். டெல்லி காவல்துறை வழக்குப் பதிந்தது. ஆறு மாதம் ஒருவரும் கைதாகவில்லை. 2022 ஜனவரி 1 அன்று அதேபோன்ற இன்னொரு செயலி வந்தது. மும்பை காவல்துறை சில நாட்களிலேயே குற்றவாளிகள் எனக் கருதப்பட்டோரைக் கைது செய்தது. அதன் பின்னரே டெல்லியும் விழித்து, பழைய வழக்கில் கைது செய்தது. இரண்டுக்கும் ஒரே தொழில்நுட்பம், ஒரே சட்டம். விருப்பம் மட்டுமே வேறு.

இந்தத் தீவுகளிலும் மற்றொரு வேகம் காணப்பட்டது. 2020 ஏப்ரலில், கொரோனா நோயாளியுடன் தொலைபேசியில் பேசியதற்காகக் குடும்பங்கள் ஏன் தனிமைப்படுத்தப்படுகின்றன என்று பத்திரிகையாளர் ஒருவர் ட்விட்டரில் கேட்டார். அது யாரையும் மிரட்டவில்லை. அதிகாரத்தைக் கேள்வி மட்டுமே கேட்டது. அவர் உடனே கைது செய்யப்பட்டார். பின்னாளில் கல்கத்தா உயர்நீதிமன்றம் அவ்வழக்கை ரத்து செய்தது. சட்டமன்றம் இல்லாத, காவல்துறை மத்திய உள்துறையின் கீழ் இயங்கும் ஒன்றியப் பிரதேசத்தில், இந்த அனுபவத்தை மறப்பதற்கில்லை.

ஆகவே, மிரட்டலைத் தடுப்பதற்காகக் காவல்துறைக்குக் கூடுதல் அதிகாரம் கொடுங்கள் என்று கேட்பது முற்போக்காளரின் கோரிக்கையாக இருக்க முடியாது. புதிய தடைச் சட்டம் எது வந்தாலும், அது முதலில் பாய்வது கேள்வி கேட்போர்மீதே. இருக்கும் சட்டத்தைப் பாதிக்கப்பட்டோருக்காகப் பயன்படுத்து என்பதே சரியான கோரிக்கை.

சட்டம் எங்கே நிற்கிறது?

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 351ஆம் பிரிவு குற்றநோக்கு மிரட்டலைத் தண்டிக்கிறது. பெயரை மறைத்து மிரட்டினால் தண்டனை கூடும். ஆனால் ஓர் ஓட்டை உண்டு. இந்தக் குற்றம் மட்டுமே என்றால், மத்தியச் சட்டத்தின் அட்டவணைப்படி நீதித்துறை நடுவரின் உத்தரவின்றிக் காவல்துறை புலனாய்வு செய்ய இயலாது. “எழுதி வைத்துக்கொள்கிறோம், போய் வாருங்கள்” என்று நிலையத்தில் அனுப்பிவிடுவது இதனால்தான் எளிதாகிறது. மதம், இனம், மொழி, சாதி ஆகியவற்றின் பெயரால் பகையைத் தூண்டும் மிரட்டலாயின் 196ஆம் பிரிவு பொருந்தும். அப்போது காவல்துறை தானே வழக்குப் பதிந்து புலனாய்வு செய்தாக வேண்டும். புகார் எழுதும்போதே இந்த வேறுபாட்டைத் தோழர்கள் அறிந்திருக்க வேண்டும்.

வெறுப்புப் பேச்சின் மீது, புகார் வராவிட்டாலும், பேசியவரின் மதம் பாராமல் வழக்குப் பதிய வேண்டுமென்று 2023 ஏப்ரல் 28 அன்று உச்சநீதிமன்றம் அனைத்து மாநிலங்களுக்கும் ஒன்றியப் பிரதேசங்களுக்கும் ஆணையிட்டது. அந்தமானும் இதில் அடங்கும்.

கிளையின் கடமைகள்

முதலாவது, மிரட்டப்பட்டவர் ஒரு மணி நேரம்கூடத் தனியாக இருக்கக் கூடாது. வேறு மதத்தவரும் வேறு மொழியினரும் சேர்ந்து அந்த வீட்டுக்குச் செல்ல வேண்டும். மிரட்டல் யாருடைய பெயரால் விடுக்கப்பட்டதோ அந்தச் சமூகத்தவர் முன்வரிசையில் நிற்பது அவசியம். மிரட்டியவன் தங்களுடைய பிரதிநிதி அல்லன் என்பதை அவர்களே சொல்லும்போதுதான் அச்சம் விலகும்.

இரண்டாவது, செய்தியை அழிக்கக் கூடாது; பரப்பவும் கூடாது. அனுப்பிய எண், கணக்கின் பெயர், நாள், நேரம், இணைப்பு ஆகியவை தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்தக் கைப்பேசியையும் பத்திரப்படுத்த வேண்டும். மின்னணுச் சான்றை நீதிமன்றம் ஏற்பதற்கு, பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63ஆம் பிரிவு சான்றிதழ் கோருகிறது. கண்டிப்பதற்காகப் பகிர்ந்தாலும் மிரட்டல் மிரட்டலாகவே பரவும்.

மூன்றாவது, புகார் எழுத்தில் இருக்க வேண்டும். குழுவாகச் சென்று கொடுக்க வேண்டும். எந்த நிலைய எல்லையில் நடந்தது என்று சொல்லித் திருப்பி அனுப்ப முடியாது. வழக்குப் பதிய மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் பதில் இல்லையேல் நடுவரை அணுகலாம். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு தரும் உரிமை இது.

நான்காவது, மறுப்பு எல்லா மொழிகளிலும் அன்றே வெளிவர வேண்டும். வங்காளத்தில் வந்த மிரட்டலைத் தமிழ்க் குடும்பம் அரைகுறையாகக் கேட்டறியும்போது அது இரட்டிப்பாகிறது. தெருவில் நான்கு மொழிகள் இருந்தால் துண்டறிக்கையும் நான்கு மொழிகளில் இருக்கட்டும்.

தோழர்களே! இந்தப் பணிகளை மிரட்டல் வந்த பிறகு தொடங்க முடியாது. ரேஷன் கடைப் பிரச்சினைக்கும் குடிநீருக்கும் கூலிக்கும் ஒன்றாக நின்று பழகிய தெருவே, மிரட்டல் வரும் இரவிலும் ஒன்றாக நிற்கும். யார் எந்த வீட்டுக்குச் செல்வது, யார் புகார் எழுதுவது, யார் எந்த மொழியில் அறிக்கை தருவது என்பதை ஒவ்வொரு கிளையும் இந்த மாதக் கூட்டத்திலேயே முடிவு செய்யட்டும்!