மூட்டையில் வந்ததும் விதையில் வந்ததும்

(தலைப்பு: அயல்நாட்டு விளைபொருள் வருகை நன்மையே? தீமையே? 'தீமையே' அணியில் பேசியது)



எனக்கு முன்னால் பேசிய அம்மையார் ஒரு போடு போட்டார்கள். "அமெரிக்கக் கோதுமை வரலேன்னா நாடே பட்டினி கிடந்திருக்கும். அப்ப இனிச்ச இறக்குமதி இப்ப ஏன் கசக்குது?" நியாயமான கேள்விதான். 1956 ஆகஸ்டில் பி.எல்.480 ஒப்பந்தம் கையெழுத்தானது. கோதுமை கப்பல் கப்பலாக வந்தது. 1965, 66 வறட்சியில் கப்பல் வந்தால்தான் கஞ்சி என்ற நிலை. அந்தக் கோதுமைக்காக ரேஷன் கடையில் பையோடு நின்றவர்கள் இந்த அரங்கிலும் இருப்பீர்கள். நான் மறுக்கலே.

ஆனால் அம்மா, பாதிக் கதையில நிறுத்திட்டீங்களே! (சிரிப்பு) அந்தப் பட்டினியைத் தீர்த்தது மூட்டையா? நம்ம பொள்ளாச்சிப் பக்கத்து மனிதர் சி.சுப்பிரமணியம் அன்றைக்கு மத்திய உணவு அமைச்சர். 1966-இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை தருவித்தார். தின்பதற்கு இல்லை ஐயா, விதைப்பதற்கு! டெல்லியில் தான் குடியிருந்த அரசு பங்களாப் புல்வெளியை உழுது அதிலேயும் விதைத்துக் காட்டினார். 1968-இல் விளைந்து குவிந்த கோதுமையை வைக்க இடமில்லாமல் வடக்கே பள்ளிக்கூடங்களை மூடி அடுக்கினார்கள். (கைதட்டல்) அதுவும் அயல்நாட்டுச் சரக்குதான். மூட்டையாக வந்தபோது கையேந்த வைத்தது. விதையாக வந்தபோது நிமிர வைத்தது.

இப்போது மலைக்கு வாங்க. கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று போய்க்கொண்டே இருந்தால் ரோடு முடிகிற இடத்தில் கிளாவரை. அதுக்கு அப்புறம் காடு, கேரள எல்லை. படிப்படியாக வெட்டிய வயலில் உருளைக்கிழங்கு, கேரட், பூண்டு. உருளைக்கிழங்கு தென் அமெரிக்கப் பயிர், வெள்ளைக்காரன் மலைக்குக் கொண்டு வந்தது. பூண்டுக்கும் பூர்வீகம் மத்திய ஆசியா. விதையாக வந்ததால் இன்றைக்கு அவை நம்ம பிள்ளைகள். 2019-இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடே கிடைத்தது.

அந்தப் பூண்டோடு மோத வந்தது சீனப் பூண்டு. உலகத்தில் விளையும் பூண்டில் முக்கால் பங்கு சீனாவில்தான். பல்லு பெரிசு, பார்க்க வெள்ளை, உரிக்கச் சுலபம். எங்க வீட்டிலேயும் ஒரு தடவை வாங்கினோம். உரிச்சது நான், பேசினது அவங்க. (பலத்த சிரிப்பு) குழம்பில போட்டா வாசனையைத் தேட வேண்டியிருந்தது! பிள்ளை பெத்தவளுக்குப் பாலில் பூண்டு வேகவைச்சுக் கொடுக்கிற தாய்மார்களைக் கேளுங்க, மலைப்பூண்டின் காரம் என்னன்னு. பூஞ்சாணம் இருந்ததால் 2014-இல் சீனப் பூண்டு இறக்குமதியை அரசு தடை செய்தது. 2024-லேயும் நேபாள எல்லை வழியாகக் கடத்தி வந்ததைப் பிடித்தார்கள்.

"மலிவா வந்தா ஏழை சாப்பிடுவானே" என்பார்கள். கிளாவரையில் ஒரு பெரியவர் வீட்டில் டீ குடித்தேன். அடுப்புக்கு மேலே, புகை படும்படி பூண்டைக் கட்டுக்கட்டாகத் தொங்க விட்டிருந்தார். விற்கிறதுக்கான்னு கேட்டேன். "இல்லைங்க சார், அது வெதைப்பூண்டு" என்றார். மலையிறங்கிப் பெரியகுளம் பக்கம் வடுகபட்டிச் சந்தைக்கு மூட்டையைக் கொண்டு போகணும். லாரி வாடகை, ஏத்துக்கூலி, இறக்குக்கூலி, கமிஷன் எல்லாம் முன்கூட்டியே முடிவானது. முடிவாகாதது விலை ஒண்ணுதான். "வெல படுத்துருச்சுன்னா?" என்றேன். அவர் மேலே பார்த்தார். "வட்டிக்காரன் வந்து நின்னா அதையும் எறக்கித்தான் போடணும் சார்."

நடுவர் அவர்களே, பூண்டுக்குத் தனியாக விதை கிடையாது. பல்லைத்தான் நடணும். அந்தப் பரண் காலியானால் அடுத்த வருஷம் வயல் காலி. சீனாக்காரன் மூட்டை அனுப்பலாம். கிளாவரைக் குளிருக்குப் பழகிய அந்தப் பல்லை எந்தக் கப்பலில் வரவழைப்பீர்கள்? தீர்ப்புச் சொல்லும்போது அந்தப் பெரியவர் மேலே பார்த்ததையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டு அமர்கிறேன். (கைதட்டல்)